எழுந்து நின்று டைப் அடித்தவர்

கன்டோன்மென்ட் கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிக்கும் அவர், முன்பு பட்டாளத்தில் குமாஸ்தா. ரெஜிமென்ட் பெயர் வந்தால் எழுந்து நின்றுதான் அடிப்பார்.

என் விவாகரத்து மனுவுக்குக் கணவரின் மர்பி டவுன் வீட்டு விலாசம் கொடுத்தேன். பட்டாளத்துக்காரரான அவர் அப்போது எல்லையில் இருந்தார். சம்மன் வீட்டுக்குப் போனால், ஆளில்லாமலே தீர்ப்பு வாங்கிவிடலாமே!

"ஆளில்லாம வாங்குற தீர்ப்பு நிக்காதும்மா. பட்டாளத்துக்காரருக்கு சம்மன் கமாண்டிங் ஆபீசர் மூலமாத்தான் போவணும். அவரு திரும்பி வர்ற வரைக்கும் கேஸ் காத்திருக்கும்," என்றார்.

"நீங்க அவங்க ஆளு. அப்படித்தான் சொல்வீங்க."

எழுந்து நின்று கணவரின் ரெஜிமென்ட் பெயரை அடித்தார். உட்கார்ந்தார். அடுத்த பத்தி, எல்லைக்குப் போகும் முன் கணவர் ஆஸ்டின் டவுனில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திவந்தது. டைப் அடித்தவர் விசைகளைக் குத்திய குத்தில் காகிதமே ஓட்டையானது.

ஒன்றரை வருடம் காத்து வாங்கிய தீர்ப்பை யாராலும் அசைக்க முடியவில்லை. எழுந்து நின்றவர் பட்டாளத்துக்காரர். காகிதத்தை ஓட்டையாக்கியவர் யாரென்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.