மீட்டர் காட்டிய பூஜ்ஜியம்

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைக்கு எங்கள் போட்டோ அச்சகத்தில் 'மீட்டர்' என்றுதான் பெயர். நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கிய ஆள். ஆனாலும் ஒற்றை மெஷினில் ஆரம்பித்து, இந்தத் தெருவிலேயே பெரிய அச்சகத்தை நிறுத்திக் காட்டினேன். எனக்கா ஆளை எடைபோடத் தெரியாது? நிறம் அளக்கும் வேலையில் அவரை உட்கார வைத்ததே நான்தான்.

கறுப்பு வெள்ளைப் படம் அடிப்பது சுலபம் என்பவர்கள் என் கடைக்கு வந்து பார்க்கட்டும். சாம்பலில் துளி நீலமோ மஞ்சளோ ஏறினால் படம் போச்சு. மாப்பிள்ளை சோதனைத் தாளின் ஒவ்வொரு சாம்பல் கட்டத்தின் மேலும் நிறம் அளக்கும் மீட்டரை வைத்து அழுத்துவார்; நிறச்சாய்வு பூஜ்ஜியம் என்று வந்தால்தான் மூச்சு விடுவார். "கண்ணு ஆளுக்கு ஆள் மாறும் மச்சான், மீட்டர் மாறாது" என்பார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடத் தங்கையிடம் கலர் கேட்டதில்லை.

அவர் மகள் முதல் கண்காட்சி வைத்தாள். எல்லாம் அவள் அம்மாவை எடுத்த படங்கள்: துணி காயப்போடும்போது, பஸ்ஸில் தூங்கும்போது. பளீர் வெள்ளைத் தாள்தான் வேண்டும் என்றாள். அந்தத் தாளில் வெள்ளை பளிச்சென்று தெரிய ஒரு மருந்து சேர்ப்பார்கள். மீட்டர் அதை நீலம் என்றது. மாப்பிள்ளை விடுவாரா? வெளிர் இடங்களில் மஞ்சள் மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பூஜ்ஜியத்துக்கு இழுத்து வந்தார். ஜன்னலோரம் வைத்து நானும் பார்த்தேன். சுத்தமான சாம்பல். என் கண்ணில் படாத குறை வேறு எவன் கண்ணில் படும்?

திறப்பு நாள் காலையில் படங்களை மாட்டிவிட்டு அரங்கின் விளக்குகளைப் போட்டார்கள். சுவர் முழுக்க என் தங்கை. தலைமுடி கறுப்பாகவே இருக்க, கன்னமும் நெற்றியும் மஞ்சள் பூத்துக் கிடந்தன.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "எனக்கு மஞ்சக்காமாலைன்னு ஏன் யாருமே சொல்லல?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மீட்டரை எடுத்துப் படத்தின் கன்னத்தில் வைத்தார். பூஜ்ஜியம். அடுத்த படம். பூஜ்ஜியம். மகள் ஒரு படத்தைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனாள். வெயிலில் மஞ்சள் காணாமல் போனது. உள்ளே வந்தாள், மறுபடி ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. மீட்டருக்குள் சொந்த விளக்கு உண்டு. அதிலும் வெயிலிலும் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது பட்டால் தாளின் மருந்து நீலமாக ஒளிர்ந்து மஞ்சள் மையைச் சரிக்கட்டிவிடும். அரங்க விளக்கில் அது இல்லை. மருந்து தூங்கிவிட்டது, மை மட்டும் மிச்சம். மீட்டரோ எங்கே போனாலும் தன் விளக்கிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சாயங்காலம் ஆளுங்க வருவாங்கப்பா," என்றாள் மகள். "இதையெல்லாம் கழட்டிட்டு வெறும் சுவத்தையா காட்டுறது?"

அவர் கடைக்கு ஓடினார். புற ஊதாவை மறைக்கும் வடிகட்டியை மீட்டரில் மாட்டி, வெறுந்தாளை முதலில் அளந்து, அதன் வெள்ளையையே அடிப்படையாக வைத்து மறுபடி அடித்தார். திறப்புக்குள் ஒரே ஒரு படம்தான் தயாரானது. விளக்கின் கீழ் மாட்டினார். பழக்கதோஷத்தில் கை பைக்குள் போனது. மீட்டரை எடுக்காமலே வெளியே வந்தது.

தங்கையைப் படத்தின் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ சொல்லு. இது நீதானா?"

அவள் படத்தை விட்டுவிட்டு அவரைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

"நான்தான். கொஞ்சம் கிழவியா இருக்கேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "கதவைத் தொறக்கச் சொல்லுங்க."