மகளின் பழைய மூக்கு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கச்சிராயபாளையம் பஸ்மீது யாரோ எறிந்த கல், அதில் வந்த என் மகளின் மூக்கை உடைத்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர், "பழைய போட்டோ இருக்குங்களா? மூக்கு எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார்.

ஆயுசு கம்மியாகும் என்று எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன் பெண்களைப் படமெடுப்பதில்லை. தினமும் பார்த்த முகம்தான். ஆனால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்லாத்தாங்க இருந்துச்சி" என்றேன்.

"சினிமாக்காரி மூக்கா வெச்சிடச் சொல்லுப்பா" என்று மகள் மூக்குக் கட்டுக்குள்ளிருந்து கிண்டல் செய்தாள்.

வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்கானது. மூக்கு எடுப்பாகத்தான் வந்திருந்தது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நல்லாத்தான் கீதுப்பா. ஆனா இது எம்மூஞ்சி இல்ல" என்று அழுதாள்.

மூக்கைச் சரிசெய்யப் போகிறவர்கள் பழைய படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். அவளுடைய பழைய முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். இந்த மூக்குதான் முன்னால் வந்து நிற்கிறது.