சுடாத கட்டி

தங்கையின் கழுத்தில், காதுக்குக் கீழே, நான் கை வைத்துப் பார்த்த அந்தக் காலை நினைவிருக்கிறது. எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. ஆனால் சூடே இல்லை, சிவப்பும் இல்லை. "வலிக்குதா?" என்றேன். "இல்லண்ணா, தொட்டாகூட ஒண்ணும் தெரியல" என்று சிரித்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது. நைனா பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்தார். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

எங்கள் குப்பத்தில் கட்டி வராத உடம்பே கிடையாது. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் நிற்பவர்களுக்குத் தொடையிலும் அக்குளிலும் வரும். சிவந்து, கொதித்து, தூங்க விடாது. பழுத்து உடைந்ததும் ஆறிவிடும். அந்தப் பழக்கத்தில் அம்மா இதற்கும் வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டினாள். வாரங்கள் போயின, அது பழுக்கவில்லை. வலி இல்லாததால் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை. சாயங்காலமானால் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டதையும், தோள் எலும்பு தெரிய இளைத்ததையும் வெயிலின் மேல் போட்டோம்.

"பொண்ணு பாக்க வர்றாங்க. இத்த வச்சிக்கினு எப்டி நிக்கும்? கீறி வுட்ரலாம்" என்றார் நைனா. புதுவாயலில் கட்டி கீறுபவர் ஒருவர் இருந்தார். அவர் கத்தி பட்டதும் தயிர்த் திரளை போல வெள்ளையாக வந்தது. "இன்னாபா இது, கட்டி மாதிரியே இல்லயே" என்று கையை எடுத்துவிட்டார். அந்தப் புண் பிறகு மூடவே இல்லை. கசிந்துகொண்டே இருந்தது. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களும் வரவில்லை.

இருமல் தொடங்கிய பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இது சாதாரண கட்டி இல்ல, டி.பி. கழுத்து நெறிக்கட்டுல பிடிச்சிருக்கு. இத கீறியிருக்கவே கூடாது. இப்ப நெஞ்சுக்கும் போயிருக்கு" என்றார் டாக்டர். "வலிக்கவே இல்லயே சார்" என்று நைனா திரும்பத் திரும்பச் சொன்னார், அது ஏதோ தவறைத் திருத்திவிடும் என்பதுபோல. இன்று யாராவது கட்டி என்றால், சுடுகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று அப்படிக் கேட்க யாருக்கும் தெரியவில்லை.

அங்கேயே சேர்த்துக்கொண்டு ஊசி போட்டார்கள். ஞாயிறுதோறும் போவேன், போர்வைக்குள் அவள் சிறிதாகிக்கொண்டே வந்தாள். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள்.

அவள் துணிகளை வாங்கப் போன அன்று அந்தக் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள், கழுத்தில் கட்டோடு. பக்கத்தில் நின்ற அவள் தகப்பன் என்னிடம், "வெறும் கட்டிதாம்பா. வலியே இல்லன்றா. சீக்கிரம் ஊட்டுக்கு அனுப்சிடுவாங்க இல்ல?" என்று கேட்டார்.

துணிமூட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.