நீர் என்று பாடினவன்

இலங்கையிலேயே ட்றம் அடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. பச்சைப் பொய். கொடிக்கயிறு இசைக்குழுவில் என்னைச் சேர்த்ததே என்னிடம் ஓட்டோ இருந்ததால்தான். ட்றம்மை ஏற்றி இறக்க ஒருவன் தேவைப்பட்டான்; ஏற்றுகிறவனே அடித்தும் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கை ஒரு தாளத்தில் போகும், கால் இன்னொன்றில் போகும். சனம் அதைப் புதுமாதிரி என்று நினைத்துக் கைதட்டியது.

இன்று காலை துறைமுகப் பக்கம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஓட்டோக்காரன் போனில் ஒரு பாட்டைப் போட்டான். "வாரும், உம்முடைய மஞ்சள் குடை நிழல் போதும்..." எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"என்னண்ணே, வேதப் பாட்டுக்குச் சிரிக்கிறீங்கள்?"

"டேய், அது எங்கட பாட்டடா. ட்றம் அடிக்கிறது நான்."

"அதான் இடைக்கிடை தடக்குது எண்டு பாத்தன்."

அது வேதப் பாட்டே இல்லை, நண்பரே. அதைக் கட்டிப் பாடியவன் சல்லி ஊரைச் சேர்ந்த சுதன். அவன் வீட்டுக் குசினிக்குப் பின்னால், ஈரச் சேலைகள் தொங்கும் கொடிக்கயிற்றுக்குக் கீழேதான் பாட்டுப் பழகுவோம். பெயர் வந்த கதை அவ்வளவுதான். கோயில் கொடியேற்றத்தை நினைத்து வைத்த பெயர் என்று ஊர் நம்பியது, நாங்களும் விட்டுவிட்டோம். சவர்க்கார மணம் வந்தால் இன்றைக்கும் என் கால் தானாகத் தாளம் போடும். பிழையாகத்தான்.

எங்கள் பாட்டில் பாதி சாமிக்கு, பாதி பெட்டையளுக்கு. "ரெண்டும் ஒண்டுதான் மச்சான். ரெண்டு பேரும் லேசில பதில் சொல்ல மாட்டினம்" என்பான் சுதன்.

அவனுக்குப் பதில் சொல்லாதவள் ஜெனிற்றா. மாதா கோயிலில் கீபோட் வாசிப்பவள், மஞ்சள் குடைக்காரி. எங்கள் பக்கத்தில் மனசுக்குப் பிடித்த பிள்ளையை எடுத்தவுடன் 'நீ' என்று கூப்பிட வாய் வராது. 'நீங்கள்' என்றால் ரீச்சரோடு கதைப்பதுபோல இருக்கும். நடுவில் 'நீர்' இருக்கிறது. சுதனும் நீர், உம்மை, வாரும் என்று உருகி எழுதினான். கிறிஸ்தவர்கள் ஆண்டவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது, பிள்ளையாரை மட்டும் தெரிந்த அவனுக்கு எங்கே தெரியும்? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத்தான் எங்கே தெரியும்?

மாதா கோயில் பெருநாளில் பாடினோம். பாடி முடிய சுவாமியார் வந்து சுதனைக் கட்டிப்பிடித்தார்.

"தம்பி, நற்கருணைப் பவனியில ஆண்டவருக்குப் பிடிக்கிற குடையை என்ன அழகாச் சொல்லியிருக்கிறீர்! வாற ஞாயிறு பூசையில எங்கட பிள்ளையள் இதைப் பாடட்டும்."

சுதனுக்கு முகம் செத்துப்போனது. அதே ஞாயிறு, பூசை முடிய, ஜெனிற்றாவுக்குப் பேசி வந்த கனடா மாப்பிள்ளைக்கு வீட்டார் சம்மதம் சொல்வதாக இருந்தது. கையிலிருந்த ஒரே பாட்டையும் ஆண்டவர் கொண்டுபோய்விட்டார்.

சனிக்கிழமை அவள் என் ஓட்டோவை மறித்தாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தக் குடை ஆரின்ர குடை?"

"பிள்ளை, உங்கட கையில இருக்கிறதுதான்."

அவள் குடையைச் சுருக்கினாள். வெயிலில் நடந்து போனாள்.

ஞாயிறன்று நானும் சுதனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் வாசலில் நின்றோம். முதல் அடிகளைக் குழு பாடியது. கடைசி அடி அவளுக்குத் தனியாக. எல்லாரும் 'வாரும்' என்று பாடின இடத்தில் அவள் 'வா' என்று பாடினாள். 'என்னுடைய குடைக்குள் நீ வா.'

சுவாமியார் நிமிர்ந்து பார்த்தார். சனம் நா தடுக்கியது என்று நினைத்தது. சுதன் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு நான் தாளம் பிழைத்ததெல்லாம் அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொடிக்கயிறு கட்டின இடத்தில் கெஸ்ட் ஹவுஸ். குழுவும் இல்லை. பெடியள் முதல் நாளே 'டேய்', 'டீ' என்கிறார்கள். 'நீர்' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்கி வர அவர்களுக்குப் படி ஏது?

ஆனால் ஒருவருக்கு மட்டும் அன்றைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெனிற்றாவின் அம்மாவுக்கு. பூசை முடிந்ததும் மனிசி நேரே வாசலுக்கு வந்தா. சுதனை மேலும் கீழும் பார்த்தா. பிறகு காலடியில் கிடந்த செருப்பை...

"ட்றைவர் தம்பி!" என் ஓட்டோவின் பின் சீற்றிலிருந்து அதே மனிசிதான். "இன்னும் என்ன கதை? மருமகன் சுதன் கொழும்பு பஸ்ஸால இறங்கி நிக்கிறாராம். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. கெதியா எடும்!"