சுண்ணாம்பு வட்டம்

செருப்பைக் கழற்றி மொபெட்டின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் பரக்கத் அலி பாய் எங்கள் வீட்டு மண்ணில் கால் வைக்கிறார். வைத்ததும் மண்ணைப் பார்ப்பதில்லை, எங்கள் கால்களைப் பார்க்கிறார். யார் எந்தப் பக்கம் போகிறோம், எங்கே நிற்கிறோம் என்பதுதான் அவருக்கு வேண்டும். கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குத் தோட்டம் போட வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "குப்பைய எந்த வழியா எடுத்துட்டுப் போவீங்க?" இவருக்கு முன் வந்த இரண்டு பேரும் செல்போனில் நீரூற்றுப் படம் காட்டினார்கள்.

பாய்க்கு வீடு உறையூரில். மஸ்கட்டில் பதினோரு வருடம் ஒரு பங்களாவின் புல்தரையைப் பார்த்துக்கொண்டவர். செடிகளிடம் மரியாதை குறையவே குறையாது. "எலுமிச்சை கொஞ்சம் கோவக்காரரு, அவர மூலையில வைங்க. செம்பருத்தி எங்க வச்சாலும் அனுசரிச்சுப் போவாங்க." மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாய் கேட்பது ஒன்று, கால் போவது ஒன்று என்பார்.

எங்கள் வீட்டுச் சிக்கல் பத்தடிக்குப் பத்தடி. வெயில் நன்றாக விழும் இடம் அது ஒன்றுதான். அங்கே புல்தரை போட்டு, காலையில் காபியும் பேப்பருமாக உட்கார வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்பது என் மனைவி லூர்துராணியின் கட்சி. இரண்டு வருடமாக அங்கே புல்லும் இல்லை, கொடியும் இல்லை.

பாய் பஞ்சாயத்துப் பேசவில்லை. இடத்தைக் கொத்தித் தண்ணீர் விட்டார், துணி காயத் தற்காலிகமாக ஒரு கயிறு கட்டினார், எங்கள் கையில் ஒரு பொட்டலம் சுண்ணாம்புத் தூளைக் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு, நின்ற இடத்திலும் உட்கார்ந்த இடத்திலும் குறி போட வேண்டுமாம். எனக்கு வட்டம், லூர்துராணிக்குப் பெருக்கல். "அப்புறமா செடியப் பத்திப் பேசலாங்க."

முதல் நாள் புல்லுக்கான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழு நிமிடத்தில் வட்டம் போட்டுவிட்டு எழுந்தவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாம் நாள் பார்த்தால் அங்கே அவளுக்கு நாற்பது பெருக்கல், எனக்கு ஒற்றை வட்டம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஏழாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பதினைந்து வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

பாய் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சார், ஈர மண்ணுல சேர் போட்டா நாலு குழி விழணும். இங்க ஒரு வட்டத்துலதான் குழி இருக்கு. மத்த பதினஞ்சுலயும் அந்தரத்துலயா உக்காந்திருந்தீங்க?"

லூர்துராணி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். என் புல்தரை போயே போயிற்று என்று நினைத்தேன். பாய் மட்டும் சிரிக்காமல் மதில் ஓரத்தைக் காட்டினார். மோட்டார் சுவிட்சுக்குக் கீழே என் நிஜ வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெரியண்ணனோடு நான் ஊர்க்கதை பேசும் இடம் அது.

கடைசியில் புல்லும் வந்தது, கொடியும் வந்தது. கொடிக்குக் கீழே புல். துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவருக்குப் போதும் என்றார் பாய், புல்லைத்தான் சொன்னார். என் நாற்காலிக்கென்று மதிலோரம் நாலு கல் பதித்தார். எனக்கு அதில் துளியும் திருப்தி இல்லை.

வேலை முடிகிற நாள் காலை, வீம்புக்கென்றே நாற்காலியைப் புல்லின் நடுவில் போட்டுப் பேப்பரை விரித்தேன். ஈரப் புடவை தோளில் சொட்டியது. அசையவில்லை. பாய் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு மேலே பெரியண்ணனின் தலை எழுந்தது. "சார், இன்னைக்குத் தண்ணி வந்துச்சா?"

நான் எப்போது எழுந்தேன், எப்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நாலு கல்லின் மேல் போட்டேன் என்று எனக்கே தெரியாது. பேச்சு தண்ணீரிலிருந்து அவருடைய மைத்துனரின் கல்யாணத்துக்குப் போனபோது, காலடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பாய் குனிந்தபடி, மிச்சமிருந்த சுண்ணாம்பை நாற்காலியைச் சுற்றித் தூவிக்கொண்டு வந்தார்.

"கால கொஞ்சம் தூக்கிக்கங்க சார்" என்று சொல்லி, வட்டத்தை முடித்தார்.