கொட்டானில் இருந்த ஆணி

என் அண்ணன் அழகுசுந்தரம் ரசாயனம் படித்தவர். பள்ளத்தூரில் எங்கள் உறவுக்குள் அந்தப் படிப்பு வேறு யாருக்கும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குறுக்கே பேசமாட்டேன் என்பதால் தன் வேலையைப் பற்றி என்னிடம்தான் சொல்வார்.

ஒரு பொருளைக் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பெரிய காந்தத்தின் நடுவே வைத்து, ரேடியோ அலையை அதன்மேல் விடுவார்களாம். உள்ளிருக்கும் அணுக்கள் கொடுக்கும் பதில் தாளில் கோடுகளாக விழுமாம்.

"கல்யாண வீட்டுல யாரு பக்கத்துல யாரு உக்காந்திருக்காகன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கிற மாதிரி" என்பார்.

1967இல் அவர் காரைக்குடியில் ஆராய்ச்சி உதவியாளர். இங்கே அந்த இயந்திரம் இல்லை. பெங்களூரில் வெகுநாள் காத்திருந்து ஒரே ஒரு காலைப் பொழுது கிடைத்தது. ஒரு வருடம் பாடுபட்டு அவர் செய்த பொருள் மெல்லிய குழாய் ஒன்றில் அடங்கிவிட்டது. கோடுகள் அவர் நினைத்தபடி விழுந்தால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் உதவியாளர் வேலையே கதி.

குழாயைப் பஞ்சில் பொதிந்து, ஓலையில் பின்னிய சிறு கூடையான கொட்டானில் வைத்திருந்தார். வழிக்குக் கட்டிக்கொடுக்கும் கறிச்சோற்றில் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பாணி வைப்பது எங்கள் வழக்கம். ஆத்தா சோற்றில் ஒன்று வைத்தாள். மகனின் உயிரே அந்தக் கொட்டானில் இருப்பதாக நினைத்து, பஞ்சுக்குள்ளும் ஒன்று செருகிவிட்டாள்.

காந்தத்தருகே அவர் பஞ்சைப் பிரித்ததும் ஆணி பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. போகிற வழியில் குழாயை உடைத்துவிட்டது.

வெறுங்கையோடு திரும்பியவர், குழாய் உடைந்துவிட்டது என்று மட்டும் ஆத்தாவிடம் சொன்னார்.

"எவ கண்ணு பட்டுச்சோ! அடுத்த தடவை ரெண்டு ஆணியா வைக்கிறேன்யா" என்றாள்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள். பிறகு கிணற்றடியில் என்னிடம் நடந்ததைச் சொன்னார்.

"ஆத்தாகிட்டச் சொல்லிருங்கண்ணே."

"சொன்னா ஆத்தா சோறு திங்காது."

மறுபடி ஒரு வருடம் உழைத்து அதே பொருளைச் செய்தார். கிளம்பும்போது ஆத்தா சொன்னபடி இரண்டு ஆணியோடு வந்தாள். "குடு ஆத்தா, நானே வச்சுக்கிறேன்" என்று வாங்கி, இரண்டையும் சோற்றுப் பொட்டலத்தில் செருகினார். குழாய் சட்டைப்பையில் போனது.

கோடுகள் அவர் நினைத்த இடத்தில் விழுந்தன. பட்டமும் வந்தது. பெங்களூரிலேயே அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைத்தது. எத்தனை பெரிய பேராசிரியர் வந்தாலும் இரும்பு இல்லை என்று பையைத் தட்டிக் காட்டாமல் உள்ளே விடமாட்டாராம். சிலர் கோபித்துக்கொண்டு திரும்பியதும் உண்டு.

1974இல் ஆத்தாவும் நானும் அந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனோம். வாசலில் அண்ணன் கை நீட்டினார்.

"சாவிக்கொத்தைக் குடு ஆத்தா. இரும்பு உள்ள வரக்கூடாது. காந்தம் இழுத்துரும்."

கொடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"ஆணியக்கூடவாடா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "ஆமா ஆத்தா."

அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வைக்கிறேன்னு வேற சொன்னேனேடா, பாவி மகனே! ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தாள். ரயிலுக்குக் கட்டிவந்த சோற்றில் வைத்திருந்த ஆணியை அதில் முடிந்துவைத்திருந்தாள். அதையும் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.