எல்லாருக்கும் ஒரே வக்கீல்

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும் என்று ஊரே சொல்லும். அது நின்றிருக்க வேண்டிய ஒருநாளில் எங்கேயோ போய்விட்டது. அந்த நாளை நினைத்தால் இன்றும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை கட்டுவது என்பதை எங்கள் ஊர் கூடிச் சீட்டுப்போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு இல்லாதவன் வீட்டில் உலை வைக்க முடியாது. அதற்காகப் பக்கத்து ஊரோடு ஏரியிலேயே கைகலப்பு வந்தது. படகு தள்ளும் கோலாலேயே அடித்துக்கொண்டோம். அவர்களில் ஒருவருக்குக் கண் போய்விட்டது. யார் கோல் பட்டதென்று யாருக்கும் தெரியாது.

அவர்கள் போலீசில் எழுதிக்கொடுத்த பேர்களில் என் தம்பியின் பேர் இருந்தது. அவன் அன்றைக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலையில் இருந்தான். கோலோடு அங்கே நின்றவன் நான். அண்ணன் தம்பி முகஜாடை ஒன்று என்பதால் குழம்பிவிட்டார்கள்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே வக்கீல். நம்ம பாட்டுல நாம நின்னோம், அவங்க வந்து அடிச்சாங்க, தடுத்தோம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். தனியா வக்கீல் வெக்கிறவன் பாட்டையும் தனியா பாத்துக்கட்டும்."

தம்பியிடம் கேட்டேன். "ஊர்ல கீறது நீதானே. நீயே பாருண்ணா" என்றான்.

மனசு கேட்காமல் பொன்னேரி கோர்ட்டுக்குப் போய் வேறொரு வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"ஊர் வக்கீல் சொல்றபடி போனா, உங்க தம்பி அங்க இருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கம்பெனியில வருகைப் பதிவு வாங்கிட்டு வாங்க. நான் தனியா வாதாடறேன்" என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "அப்போ அவர்னு நெனச்சு அவங்க பார்த்தது யாரை?" என்று கேட்டார்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பழவேற்காடு பஸ்ஸில் உட்கார்ந்து, ஊரை எதிர்த்தால் பாடு போய்விடும், அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். திருப்பாலைவனம் தாண்டும்போது அதை நம்பவும் செய்தேன். பாடு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் நான் பயந்தது அந்தப் பெண்ணின் கேள்விக்கு. மறுநாள் ஊர் வக்கீலின் காகிதத்தில் தம்பியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவன் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

வழக்கு முடியும் தறுவாயில் நீதிபதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். தம்பியின் முறை வந்தது. சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தீர்களா என்று கேட்டார். அவன் திரும்பி, கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தான். எழுந்து, "நான்தான் ஐயா" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டைக்கு எழுகிறவன் நான். அன்றைக்கு 'ஆமாம்' என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இருந்தேங்கய்யா" என்றான்.

தடுத்தோம் என்ற வாதம் நிற்கவில்லை. எல்லாருக்கும் தண்டனை விழுந்தது. தம்பியின் கம்பெனி வேலையும் போயிற்று.

என் பாட்டை ஊர் எடுக்கவில்லை. முறை வரும்போதெல்லாம் போய் வலை கட்டுகிறேன். போன வாரம் சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது அந்தப் பெண் வக்கீலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் முந்திக்கொண்டான்.

"இன்னாண்ணா, பாட்டுக்குப் போனியா? இறா கெடைக்குதா?"

"கெடைக்குதுடா" என்றேன்.